டெல்டா சாலைக்குச் சைக்கிள் டியூபில் சீலன்ட்: முள் பஞ்சரைத் தடுக்க முழுமையான வழிகாட்டி

காவிரிப் படுகையில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு ஆணியை விட முள்தான் பெரிய தொல்லை. வெண்ணாற்றங்கரைச் சாலையானாலும் சரி, கல்லணைக் கால்வாயின் கரையானாலும் சரி, வயலுக்குள் இறங்கும் மண்பாதையானாலும் சரி, ஓரத்தில் ஒரு கருவை நிற்காத இடம் குறைவு. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அதற்கு முந்தைய கோடையில் ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வாருவார்கள். கரையில் வெட்டிப் போட்ட கருவைக் கிளைகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன பிறகும் அவற்றின் முள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். வேதாரண்யம் பக்கத்து மணல் பூமியில் நெருஞ்சி. அது மழைக்குத் தழைத்து, பனி முடிந்து வெயில் ஏறும்போது காய் காய்ந்து உதிரும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கிற அமைப்பு அந்தக் காய்க்கு. கொல்லைக்கு வேலி அடைக்க முள் கட்டை இழுத்துப் போன தெருவும் இதே கதைதான்.

இந்த முட்கள் போடும் ஓட்டை சிறியது. டயரின் நடுப்பகுதியில், தரையில் படும் இடத்தில் விழுவது. டியூபுக்குள் ஊற்றி வைக்கும் பஞ்சர் சீலன்ட் என்னும் திரவம் நன்றாக அடைப்பதும் இந்த வகை ஓட்டையைத்தான். அதனால்தான் நம் பகுதிக்கு இது பொருந்தும் என்று உறுதியாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைக்கும், விடியற்காலையில் பால் எடுத்துப் போகிறவருக்கும், வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறவருக்கும் வழியில் காற்று இறங்கிப் போவது சின்னத் தொந்தரவு அல்ல. பஞ்சர் கடை மூன்று ஊர் தள்ளி இருக்கும் இடங்கள் இங்கே ஏராளம்.

ஆனால் வாங்கி வந்த பாட்டிலை அப்படியே கவிழ்த்தால் பலன் பாதிதான் கிடைக்கும். டயரை ஒழுங்குபடுத்துவது, வால்வைப் புரிந்துகொள்வது, அளவு பார்த்து ஊற்றுவது, பிறகு கவனித்து வருவது ஆகியவற்றில்தான் இதன் வெற்றி இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

வரப்பில் சிறிய உடைப்பு விழுந்தால் வைக்கோலையும் சேற்றையும் சேர்த்துப் போடுவோம். ஓடும் தண்ணீரே வைக்கோலை இழுத்துக்கொண்டு போய் உடைப்பின் வாயில் சிக்க வைக்கும், அதன் மேல் சேறு படியும், தண்ணீர் நிற்கும். டியூபுக்குள்ளும் இதுவேதான். திரவத்தில் நுண்ணிய நார்களும் துகள்களும் மிதக்கின்றன. ஓட்டை விழுந்தவுடன் வெளியே பாயும் காற்று திரவத்தை இழுத்து வருகிறது, நார் ஓட்டையில் குறுக்காகச் சிக்குகிறது, துகள்கள் இடுக்கை நிரப்புகின்றன. உடைப்பு பெரிதாக இருந்தால் வைக்கோலும் தண்ணீரோடு போய்விடும் அல்லவா? பெரிய கிழிசலில் சீலன்டும் அப்படித்தான் வெளியே போய்விடும்.

சக்கரம் சுழலும்போது திரவம் வெளிப்புறமாக, தரையில் படும் பக்கத்துக்குத் தள்ளப்பட்டு அங்கேயே படலமாகப் பரவி நிற்கும். டியூபின் உட்பக்கம், அதாவது ரிம்மை ஒட்டிய பக்கம், கிட்டத்தட்ட வறண்டே இருக்கும். எந்த ஓட்டைக்குச் சீலன்ட் உதவும், எதற்கு உதவாது என்பதை இதிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம்.

நெருஞ்சி, கருவை முள், சிறிய கம்பி, மெல்லிய ஆணி ஆகியவை தரைப்பக்கம் போடும் ஓட்டைக்கு உதவும். போக்ஸ் கம்பியின் முனை ரிம் டேப்பைத் தாண்டி உள்ளே குத்திய ஓட்டைக்கு உதவாது. வால்வின் அடிப்பாகம் கிழிந்தால் உதவாது. டயரின் பக்கவாட்டில் கல் கிழித்தால் உதவாது. குறைந்த காற்றில் பின்னால் மூட்டையும் வைத்துப் பள்ளத்தில் இறக்கினால், டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கி, அருகருகே இரண்டு கீறல் விழும். பாம்புக் கடி போலத் தெரிவதால் அதற்கு அந்தப் பெயரே உண்டு. அதற்கும் உதவாது. உங்களுக்கு அடிக்கடி விழுவது இந்த இரட்டைக் கீறல் என்றால் சீலன்டுக்குச் செலவழிக்க வேண்டாம், நல்ல பம்பு ஒன்று வாங்குங்கள்.

நீண்ட கருவை முள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாட்டுக் கருவேலத்தின் முள் இரண்டு அங்குலம் வரைகூட வளரும். காற்று குறைந்த சக்கரத்தில் அது ஏறினால் டியூபின் தரைப்பக்கத்தைத் துளைத்து, எதிர்ப்பக்கத்தையும் துளைத்துவிடும். தரைப்பக்க ஓட்டை அடைந்தாலும் உட்பக்க ஓட்டை வழியாகக் காற்று கசிந்துகொண்டே இருக்கும். டியூபில் காற்று நிறைவாக இருந்தால் முள்ளுக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் இடைவெளி இருக்கும். எனவே சீலன்ட் ஊற்றிய பிறகும் வாரம் ஒருமுறை காற்றுப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

எந்தத் திரவத்தை வாங்குவது

கடைகளில் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று கிளைக்கால் (glycol) வகை: கிளைக்கால் என்னும் ரசாயனத் திரவம்தான் அடிப்படை. கெட்டியாக, பச்சை அல்லது வேறு நிறத்தில், உள்ளே நார் கலந்து இருக்கும். ஸ்லைம் என்ற பச்சைத் திரவம் இந்த வகையில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். டியூபுக்கான தன் திரவம் இரண்டு ஆண்டு வரை வேலை செய்யும், 3 மி.மீ. வரையான ஓட்டையை அடைக்கும் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. மற்றொன்று லேடெக்ஸ் வகை: பால் போல வெள்ளையாக, நீர்த்து இருக்கும். இயற்கை ரப்பர் பால்தான் அடிப்படை. காற்றோடு வெளியே வரும்போது உறைந்து ரப்பராகி அடைக்கும். வேகமாக அடைக்கும், ஆனால் காலப்போக்கில் உள்ளேயே காய்ந்தும் போகும். டியூப் இல்லாத மலைச் சைக்கிள் டயர்களுக்காக வந்தது இது. வெயிலைப் பொறுத்து இரண்டு முதல் ஏழு மாதத்தில் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

டெல்டாவில் டியூப் உள்ள சாதாரண சைக்கிளுக்கு நான் கிளைக்கால் வகையைத்தான் சொல்வேன். கத்திரி வெயிலில் பள்ளிக்கூட வாசலிலோ களத்து மேட்டிலோ நாள் முழுக்க நிற்கிற வண்டி அது. லேடெக்ஸ் அந்தச் சூட்டில் சீக்கிரம் காய்ந்து, டியூபுக்குள் உருண்டையாகத் திரண்டுவிடும். லேடெக்ஸ்தான் கையில் கிடைக்கிறது என்றால் ஊற்றலாம், தவறில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் பஞ்சர் ஜெல்லை ஊற்றலாமா என்று பலரும் கேட்பதுண்டு. டியூப் உள்ள டயருக்கும் ஏற்றது என்று பாட்டிலில் அச்சிட்டிருந்தால் ஊற்றலாம். ட்யூப்லெஸ் டயருக்கு மட்டும் என்று இருந்தால் வேண்டாம். அதில் உள்ள துகள்கள் சில சமயம் சைக்கிள் வால்வில் நுழைய முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கும். கோந்து, பெயின்ட், எண்ணெய் கலந்த வீட்டுக் கலவை எதையும் ஊற்றாதீர்கள். எண்ணெய் ரப்பரை ஊற வைத்துக் கெடுத்துவிடும்.

வாங்கும்போது லேபிளில் எத்திலீன் கிளைக்கால் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது நஞ்சு. இனிப்புச் சுவை இருப்பதால் நாயும் ஆடு மாடும் நக்கிவிடும். புரொப்பிலீன் கிளைக்கால் அந்த அளவுக்கு ஆபத்தானதல்ல. எதுவானாலும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், மீந்ததை வாய்க்காலில் கொட்டாதீர்கள்.

வால்வு: நம் பழைய வண்டிக்கு இங்கே ஒரு வசதி

நம் ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது டன்லப் வால்வு. மேல் நட்டைக் கையால் திருகினால் போதும், வால் பின் முழுதாக வெளியே வந்துவிடும். பின்னின் மேல் மெல்லிய ரப்பர் குழல் ஒன்று போர்த்தியிருக்கும். அதைத்தான் வால் டியூப் என்கிறோம். பின்னை எடுத்த பிறகு மிஞ்சுவது அகலமான வெறும் குழாய். நார் கலந்த கெட்டித் திரவம்கூட அதில் தடையில்லாமல் இறங்கும். விலை உயர்ந்த ரேஸ் சைக்கிளின் ஒல்லியான பிரெஸ்டா வால்வில் இந்த வேலை சிரமம். பல டியூப்களில் அதன் உள்பாகத்தைக் கழற்றவே முடியாது. அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியும் தாத்தா காலத்து 28 அங்குல வண்டியும் இந்த ஒரு விஷயத்தில் முந்தி நிற்கின்றன.

சிக்கல் பிறகு வருகிறது. காற்று அடிக்கும்போது வால் டியூப் விரிந்து வழிவிடும், நிறுத்தியதும் உள்ளிருக்கும் அழுத்தம் அதைப் பின்னோடு ஒட்ட வைக்கும். அந்த இடுக்கில் சீலன்டின் நார் ஒன்று சிக்கினாலும் ஒட்டாது, காற்று மெல்லக் கசியும். “சீலன்ட் ஊற்றின நாளிலிருந்து காத்து நிக்கவே மாட்டேங்குது” என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஓட்டை இருக்காது, வால்வில் அழுக்கு இருக்கும்.

இதற்கு இரண்டு வழி. முதல் வழி, வால்வு எப்போது எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைக் கவனித்து வேலை செய்வது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். இரண்டாவது வழி, புது டியூப் வாங்குவதாக இருந்தால் ஷ்ரேடர் வால்வு உள்ளதாக வாங்குவது. மோட்டார் சைக்கிளில் இருக்கும் அதே வால்வுதான். டன்லப் வால்வுக்குப் போட்ட ரிம் துளையிலேயே அதுவும் பொருந்தும். உள்ளே இருக்கும் பின்னைக் கழற்ற ஒரு சின்னச் சாவி தேவை. எந்த பைக் மெக்கானிக்கிடமும் இருக்கும். உங்கள் பம்பின் வாய் அந்த வால்வுக்குப் பொருந்துமா என்பதை மட்டும் கடையிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டன்லப் வால்வுதான் என்றால், ஊற்றும் அன்று வால் டியூப் துண்டுகள் சிலவற்றைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்து வெடித்த பழைய வால் டியூபை வைத்துக்கொண்டு சீலன்டைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஊற்றுவதற்கு முன்: டயர் வேலை

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நேரம் அதிகம் செலவழிக்க வேண்டியதும் இங்கேதான்.

முதலில் டியூபின் நிலையைப் பாருங்கள். ஏழெட்டு ஒட்டு விழுந்த டியூப், மடிப்பில் வெடிப்பு விட்ட டியூப், வால்வடி தளர்ந்த டியூப் ஆகியவற்றில் ஊற்றுவது வீண். பழைய ஒட்டின் ஓரம் விட்டுப்போனால் சீலன்ட் அதைப் பிடித்து நிறுத்தாது. பியூட்டைல் ரப்பரில் செய்த புது டியூப் ஒன்றைப் போட்டு அதில் ஊற்றினால் இரண்டு ஆண்டுக்குக் கவலை குறையும்.

சைக்கிளைக் கழுவிக் காய வையுங்கள். சாக்கு ஒன்றை விரித்து, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் படும்படி தலைகீழாக நிறுத்துங்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து எடுத்தால் டியூபை வெளியே இழுத்துவிடலாம். டயர் லீவர் இரண்டு போதும். ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், அதன் முனையே டியூபைக் குத்தும்.

இனி டயருக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் முட்களைத் தேட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கருப்பாக ஒரு புள்ளி தெரியும், ஒடிந்த முள்ளின் அடிப்பாகம் அது. சக்கரம் அழுந்தும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும். சீலன்ட் ஊற்றிய டியூபை இந்த முள் திரும்பத் திரும்பக் குத்தினால் ஓட்டை அகன்று, அடைப்பு பிடுங்கிக்கொள்ளும். பழைய பருத்தித் துணி ஒன்றைப் பந்தாக்கி டயரின் உட்புறம் முழுக்க இழுத்து வாருங்கள். முள் முனை இருந்தால் துணியின் நூல் சிக்கும். விரலால் நேரடியாகத் தடவாதீர்கள், கண்ணாடிச் சில்லும் இருக்கலாம். சிக்கிய இடத்தில் வெளியிலிருந்து கூர்மையான குறட்டாலோ முள்வாங்கியாலோ முள்ளைப் பிடுங்குங்கள். ஒரே டயரில் இப்படி நான்கைந்து வருவது நம் பக்கத்தில் சாதாரணம்.

பிறகு ரிம். ரிம் டேப் நகர்ந்திருக்கிறதா, போக்ஸ் நிப்பிளின் தலை எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். உட்பக்க ஓட்டையைச் சீலன்ட் காப்பாற்றாது என்று மேலே சொன்னேன், அதனால் இந்தப் பக்கத்தைக் கையால்தான் காப்பாற்ற வேண்டும். டேப் கிழிந்திருந்தால் புதியது போடுங்கள். துரு செதில் செதிலாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள்.

டயர் மிகவும் தேய்ந்து நூல் தெரிகிறதா? அப்படியானால் முதல் செலவு டயருக்குத்தான். இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்ற நிலையில் இருந்தால், பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவில் பட்டையாக வைப்பது நம் சைக்கிள் கடைகளில் காலம் காலமாகச் செய்வது. சீலன்டோடு சேர்த்து அதைச் செய்தால் நெருஞ்சிக்கு நல்ல தடுப்பு. பட்டையின் வெட்டு ஓரம் சுருண்டு டியூபை அரிக்காமல் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும்.

டியூபின் மேல் கொஞ்சம் பவுடர் தடவி, திரும்ப உள்ளே வைத்து, டயரை ஏற்றுங்கள். பாதிக் காற்று அடித்து, டியூப் எங்கும் முறுக்கிக்கொள்ளாமல், வால்வு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

எவ்வளவு ஊற்றுவது

பாட்டிலில் போட்டிருக்கும் அளவுதான் முதல் கணக்கு. அது இல்லாதபோது இப்படி வைத்துக்கொள்ளலாம். 26 அங்குல அகலமான மலைச் சைக்கிள் டயருக்கு ஒரு டியூபுக்கு 120 மி.லி. நம் 28 அங்குல வண்டிக்கும், பெண்கள் ஓட்டும் 26 அங்குல வண்டிக்கும் 100 மி.லி. அளவில். ஒல்லியான டயர் போட்ட ஹைப்ரிட் வண்டிக்கு 60 முதல் 90. சிறுவர் ஓட்டும் 20 அங்குல வண்டிக்கு 60 முதல் 80. அதிகமாக ஊற்றினால் அதிகப் பாதுகாப்பு என்பதில்லை. வண்டி கனக்கும், நின்று கிளம்பும்போது திரவம் அடியில் தேங்கிச் சக்கரம் துள்ளுவது போலத் தோன்றும். மிகக் குறைத்தாலும் படலம் முழுச் சுற்றுக்கும் வராது.

80, 100 பி.எஸ்.ஐ. என்று அடிக்கும் ரேஸ் டயருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அழுத்தத்தில் நார் சிக்குவதற்குள் திரவம் பீச்சியடித்து வெளியே போய்விடும். 40 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை அடிக்கும் சாதாரண டயர்தான் இதற்குத் தோதான இடம்.

ஊற்றும் முறை

பாட்டிலை ஒரு நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள். நாரும் துகளும் அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் ஊற்றினால் ஒரு சக்கரத்துக்கு வெறும் திரவமும் மற்றதற்கு வெறும் வண்டலும் போகும்.

காற்றை முழுதாக இறக்கி, நட்டைத் திருகி, வால் பின்னை எடுத்து ஒரு கிண்ணத்தில் பத்திரப்படுத்துங்கள். மண்ணில் விழுந்தால் அந்த மண்ணும் உள்ளே போகும்.

இப்போது சக்கரத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். வால்வை நான்கு மணி அல்லது எட்டு மணி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். வால்வுக் குழாய் எப்போதும் சக்கரத்தின் நடுவை நோக்கி நிற்கும். ஆறு மணியில், அதாவது அடியில் இருந்தால் ஊற்றுவது எளிது, ஆனால் திரவம் வால்வின் அடியிலேயே தேங்கும். பன்னிரண்டு மணியில் குழாய் தலைகீழாகத் தொங்கும், ஊற்றியது திரும்பி வழியும். நான்கிலோ எட்டிலோ குழாய் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஊற்றியது உள்ளே இறங்கி, வால்வை விட்டு விலகி, அடியை நோக்கி ஓடிவிடும்.

பாட்டிலோடு வந்த மெல்லிய குழாயை வால்வுக்குள் செருகி, மெதுவாக அழுத்துங்கள். குழாய் வரவில்லை என்றால் மருந்துக் கடையில் ஊசி இல்லாத 20 அல்லது 50 மி.லி. சிரிஞ்சும், அதில் மாட்ட ஒரு துண்டு குளுக்கோஸ் குழாயும் வாங்கிக்கொள்ளலாம். அளவும் துல்லியமாகத் தெரியும். 20 மி.லி. சிரிஞ்சில் ஐந்து முறை போனால் 100. இறங்காமல் நின்றால் பலமாக அழுத்தாதீர்கள். டயரின் பக்கவாட்டை இரண்டு கையாலும் பிசைந்து கொடுத்தால் உள்ளே ஒட்டிக்கிடக்கும் டியூப் விலகி வழிவிடும்.

ஊற்றி முடித்ததும் உடனே பின்னைப் போடாதீர்கள். குழாய்க்குள் திரவம் படிந்திருக்கும். துணியைத் திரியாக முறுக்கி உள்ளே விட்டு இரண்டு மூன்று முறை துடைத்தெடுங்கள். சக்கரத்தைத் திருப்பி வால்வைப் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவந்து சில நிமிடம் விடுங்கள். உள்ளிருப்பது அடிக்கு இறங்கும், குழாயில் மிஞ்சியது வெளியே சொட்டிவிடும். இன்னொரு முறை துடைத்துவிட்டு, புது வால் டியூபைத் தண்ணீரில் நனைத்துப் பின்னில் ஏற்றி, பின்னைச் செருகி நட்டை இறுக்குங்கள். வால்வு மேலே இருக்கும்போதே காற்று அடியுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவு வரை அடிக்கலாம்.

அடித்த உடனே வண்டியை ஓரமாக நிறுத்திவிடக் கூடாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டுங்கள். அப்போதுதான் திரவம் சுற்றிலும் பரவும். திரும்பி வந்து வால்வின் வாயில் சோப்பு நுரையோ ஒரு துளி எச்சிலோ வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் பின்னைக் கழற்றித் துடைத்து, வால் டியூபை மாற்றிப் போடுங்கள். இரவு முழுக்க விட்டுக் காலையில் காற்று அப்படியே இருந்தால் வேலை முடிந்தது.

வழியில் முள் ஏறினால்

சீலன்ட் உள்ள டியூபில் முள் ஏறினால் பெரும்பாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. சில சமயம் உஸ்ஸென்ற சத்தம் வரும், டயரில் பச்சையாகவோ வெள்ளையாகவோ ஈரம் தெறிக்கும். இறங்கிப் பாருங்கள். முள்ளையோ ஆணியையோ கண்டால் பிடுங்கிவிடுங்கள். பிடுங்காமல் வீடு வரை ஓட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ட்யூப்லெஸ் டயருக்கு அது சரி. டியூப் உள்ள டயரில் டயரும் டியூபும் தனித்தனியாக அசையும், நடுவில் நிற்கும் ஆணி டியூபைக் கிழித்து நீளமாக்கிவிடும்.

பிடுங்கியதும் அந்த இடம் தரைப்பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் நிறுத்துங்கள், திரவம் அங்கே வந்து சேரும். பிறகு சக்கரத்தைத் தூக்கி வேகமாகச் சுழற்றுங்கள், அல்லது ஏறி நூறு அடி ஓட்டுங்கள். ஈரம் வருவது நின்றதும் இறங்கிய அளவுக்குக் காற்று அடித்துக்கொள்ளுங்கள். அடைபடுவதற்குள் கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும். ஆகையால் சீலன்ட் ஊற்றினவரும் பம்பைக் கையோடு வைத்திருக்க வேண்டும். கோடியக்கரைச் சாலையில் உப்பளங்களுக்கு நடுவே காற்று இறங்கினால் கூப்பிடு தூரத்தில் கடை இருக்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடுதல் கவனம் தேவை. ஈரமான ரப்பரில் கண்ணாடியும் முள்ளும் எளிதாக இறங்கும். டயரில் அப்பிய சேற்றுக்குள் முள் ஒளிந்துகொள்ளும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி டயரைச் சுற்றிவிட்டுப் பார்த்தால் போதும்.

ஊற்றிய பிறகு கவனிக்க வேண்டியவை

காற்றுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வால்வை மேலே கொண்டுவந்து இரண்டு நிமிடம் விட்டுப் பிறகு அடியுங்கள். பெட்ரோல் பங்கில் அடிக்கும்போது இது இன்னும் முக்கியம். திரவம் அவர்களுடைய கேஜுக்குள் ஏறினால் அதைக் கெடுக்கும். பிள்ளைகளிடம் வண்டியைக் கொடுப்பதாக இருந்தால் அவர்களுக்கும் இந்த ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

ஊற்றிய மாதத்தைச் சின்னத் துண்டு டேப்பில் எழுதிப் போக்ஸில் ஒட்டி வையுங்கள். கிளைக்கால் வகைக்கு ஓராண்டு கழித்து, லேடெக்ஸுக்கு மூன்று மாதம் கழித்து, வால் பின்னைக் கழற்றி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள். முனை ஈரமாக வந்தால் இருக்கிறது. வறண்டு வந்தால் முதலில் ஊற்றியதில் பாதியைச் சேருங்கள். இரண்டு வகையையும் ஒரே டியூபில் கலக்காதீர்கள். கலந்தால் கட்டிகட்டியாகத் திரிந்துவிடும் வாய்ப்பு உண்டு.

கசிந்துகொண்டே இருக்கும் டியூபில் மேலும் மேலும் ஊற்றுவது தவறு. வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் காற்று அடிக்க வேண்டியிருந்தால், வால்வு நன்றாக இருந்தால், அங்கே சீலன்டுக்கு எட்டாத ஓட்டை இருக்கிறது. டியூபை வெளியே எடுத்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஒட்ட வேண்டி வந்தால்

பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனால் முதல் வார்த்தையாக, “அண்ணே, உள்ளே சீலன்ட் ஊத்தியிருக்கு, பார்த்துக் கழட்டுங்க” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் வால் பின்னைத் திருகியவுடன் அவர் சட்டையிலும் முகத்திலும் தெறிக்கும். இதனால்தான் சில கடைகளில் சீலன்ட் ஊற்றிய வண்டியைத் தொடவே தயங்குகிறார்கள். வால்வை மேலே வைத்துக் காற்றை இறக்கினால் தெறிக்காது.

ஒட்டு பிடிக்காமல் போவதற்குக் காரணம் ஈரம். ஓட்டை இருக்கும் பகுதியை உயரமாகத் தூக்கிப் பிடித்து, மற்ற பகுதி தொங்கும்படி வைத்தால் திரவம் அடிக்கு இறங்கிவிடும், ஓட்டை வழியாகக் கசியாது. கிளைக்கால் வகையை ஈரத் துணியாலேயே துடைத்துவிடலாம், தண்ணீரில் கரையும். லேடெக்ஸ் தோல் போல உரிந்து வரும். முழுக்கக் காய வைத்த பிறகே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஈரத்தோடு தேய்த்தால் வழவழப்பு ரப்பரின் சொரசொரப்புக்குள் ஏறி, சொல்யூஷன் பிடிக்காது. தேய்த்த தூளைத் துடைத்து, சொல்யூஷன் தடவி, அது பளபளப்பு மாறிக் கையில் ஒட்டாத நிலைக்கு வந்ததும் பேட்சை வைத்து அழுத்துங்கள். அழுத்தும் நேரம் முழுக்க ஓட்டை மேல்பக்கமாகவே இருக்கட்டும்.

ஒட்டும்போது வெளியேறிய திரவத்துக்கு ஈடாக 20 அல்லது 30 மி.லி. சேர்த்து ஊற்றி, வால் டியூபையும் புதிதாக மாற்றி, காற்று அடித்துக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.